மழை விட்டாலும் தூவானம் விடாது: கேமராவும் ஈரமும்

"வெதர் சீல்டு பாடிதான், தைரியமா எடு" என்ற பேச்சை நம்பி மழையில் இறங்கிய கேமரா, நனைந்தபடியே நன்றாக வேலை செய்யும். கோளாறு அதற்குப் பிறகு வரும். ஈரத்தோடு பைக்குள் வைத்து ஜிப்பை இழுக்கும்போது வரும். நீட்டிய ஜூமைத் துடைக்காமல் சுருக்கும்போது வரும். ஏசி அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்த கையோடு லென்ஸைக் கழற்றும்போது வரும். மழை விட்டாலும் தூவானம் விடாது என்பது கேமராவுக்கு அப்படியே பொருந்தும். அதனால் இந்தப் பதிவில் மழை பெய்யும் நேரத்தைப் பற்றி இருப்பதைப் போலவே, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை பற்றியும் நிறைய இருக்கும்.

முதலில் சீலிங், அதாவது இடுக்குகளை அடைக்கும் ஏற்பாடு. பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமரா) ஓடுகள் சேரும் இடங்கள், பேட்டரி மூடி, கார்டு மூடி, பட்டன்களின் அடி ஆகியவற்றில் மெல்லிய ரப்பர் அல்லது நுரைப் பட்டைகளை வைத்திருப்பார்கள். லென்ஸ் பாடியோடு இணையும் மவுண்டைச் சுற்றி ஒரு ரப்பர் உதடு இருக்கும். அவ்வளவுதான் சீலிங். சாரலும் தூசியும் உள்ளே போவதை இது தாமதப்படுத்தும், முழுதாகத் தடுக்காது. பல நிறுவனங்கள் எந்த அளவு தண்ணீரைத் தாங்கும் என்று எண்ணில் சொல்வதே இல்லை. சொல்பவர்கள் ஐ.பி. என்ற தரக் குறியீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொன்ன சிலவற்றில் 2019இல் வந்த லைக்கா எஸ்.எல்.2 ஐ.பி. 54, 2022இல் வந்த ஓ.எம். சிஸ்டம் ஓ.எம்.-1 ஐ.பி. 53. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 3 என்றால் மேலிருந்து 60 பாகை சாய்வு வரை விழும் தூவல், 4 என்றால் எந்தத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீர். குழாயடியில் பிடித்துக் கழுவலாம் என்று எந்த எண்ணுக்கும் இங்கே பொருள் கிடையாது. அதுவும், அதே தரத்தில் சீலிங் உள்ள லென்ஸை மாட்டியிருந்தால்தான் அந்த எண் செல்லும். வாரண்டி அட்டையைப் புரட்டிப் பாருங்கள். தண்ணீர் புகுந்து ஆன பழுதை அனேகமாக விலக்கி வைத்திருப்பார்கள்.

சீலிங் உள்ள பாடியையும் நாமே ஓட்டையாக்கிக்கொள்கிறோம். பவர் பேங்க் கேபிளைச் செருகி யூஎஸ்பி மூடியைத் திறந்தபடி விட்டால், அந்தப் பக்கம் சீலிங்கே இல்லை. வேறு வகை லென்ஸை மாட்ட உதவும் அடாப்டர் வளையம் ஒன்று, சீலிங் இல்லாமல் நடுவில் வந்தாலும் அதே கதை. ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் உள்ள பிளாஸ்டிக் மூடியை அழகுப் பொருள் என்று நினைத்துத் தொலைத்துவிடுகிறோம். தொடர்புப் புள்ளிகள் அதிகமுள்ள புதிய வகை ஷூக்களில் அந்த மூடி இருந்தால்தான் சீலிங் முழுமை. சில லென்ஸ்களுக்கு முன்னால் ஃபில்டர் போட்டால்தான் சீலிங் முடிகிறது. கேனானின் 17-40 மி.மீ. எஃப்/4 எல் அந்த வகை. மழைக்கென்று ஒரு தெளிவான ஃபில்டரைப் போடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மற்ற நாட்களில் அது தேவையா என்ற சண்டை தனி.

காசு கொடுத்து வாங்கும் ரெயின் கவர்கள் நல்லவைதான். ஆனால் பையின் ஓரத்தில் எப்போதும் மடித்து வைத்திருக்க, வீட்டில் செய்த பிளாஸ்டிக் உறைக்கு ஈடு கிடையாது. 24-70 மி.மீ. போன்ற நடுத்தர ஜூம் லென்ஸுக்கு ஏறக்குறைய 30க்கு 45 செ.மீ. அளவுள்ள, சற்றுத் தடித்த ஒளிபுகும் பை போதும். 70-200 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸுக்கு நீளம் 60 செ.மீ. வேண்டும். மொறமொறவென்று சத்தம் போடும் பை வேண்டாம். குளிரில் அது கிழியும், அருகில் பறவை இருந்தால் பறந்துவிடும்.

செய்முறை இதுதான். பையின் மூடிய முனையில் ஒரு வட்டம் வெட்டுங்கள். லென்ஸின் முனையில் மாட்டும் ஹூட்டின் விட்டம் 80 மி.மீ. என்றால் வட்டம் 60 மி.மீ. இருக்கட்டும். இழுத்து மாட்டும்போது பிளாஸ்டிக் ஹூட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் குறைவு. கேமராவைத் திறந்த முனை வழியாக உள்ளே விட்டு, ஹூட்டின் விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை பின்னால் ரப்பர் பேண்டை இரண்டு சுற்று போடுங்கள். ரப்பர் பேண்ட் ஜூம் வளையத்தின் மீதோ ஃபோகஸ் வளையத்தின் மீதோ உட்காரக் கூடாது. அடுத்து வியூஃபைண்டர். கண் வைக்கும் ரப்பர் கப்பைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் பிளாஸ்டிக்கில் வியூஃபைண்டர் கண்ணாடியை விடச் சிறியதாக ஒரு ஓட்டை போட்டு, பிளாஸ்டிக்கின் மேலேயே கப்பைத் திரும்ப மாட்டுங்கள். கப் பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொள்ளும், ஓட்டையின் விளிம்பும் கண்ணாடியை மறைக்காமல் விரிந்து நிற்கும். இப்படிச் செய்யாமல் பிளாஸ்டிக்கின் வழியாகவே பார்த்து எடுத்தால் ஃபோகஸ் சரியா தவறா என்றே தெரியாது. வாரை உறைக்கு உள்ளேயே விடாதீர்கள். நனைந்த வார் திரி மாதிரி வேலை செய்யும். கழுத்துப் பக்கம் பட்ட தண்ணீர் அதன் வழியே இறங்கி நேராகப் பாடிக்கு வரும். கழற்ற முடிந்தால் கழற்றி, மணிக்கட்டு வாரைப் போட்டுக்கொள்ளலாம்.

பின் முனையைக் கட்ட வேண்டாம். கை நுழைய வேண்டும் என்பது ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம், கையின் வியர்வையும் மூச்சுக் காற்றும். முழுதாக மூடிய உறைக்குள் பத்து நிமிடத்தில் உட்புறம் வியர்த்துவிடும். வெளியே மழை, உள்ளே குளியலறை. கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். மழை மேலிருந்துதான் வருகிறது.

மழையில் நிற்கும்போது முதல் எதிரி லென்ஸின் முன் கண்ணாடியில் விழும் துளிதான். ஹூட் வெயிலுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் சாரலில் ஒருமுறை ஹூட் இல்லாமல் எடுத்துப் பார்க்கட்டும். எடுக்காத நேரத்தில் லென்ஸ் தரையைப் பார்க்கட்டும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். துளி விழுந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மைக்ரோஃபைபர் துணி குறைந்தது மூன்று வேண்டும்: ஒன்று பாடிக்கு, இரண்டு கண்ணாடிக்கு. கண்ணாடிக்கான துணிகளை ஜிப் பையில் போட்டு, மழைக்கோட்டின் உள் பாக்கெட்டில் வையுங்கள். பாடியைத் துடைத்த துணியில் கை எண்ணெயும் மண்ணும் இருக்கும். அதால் கண்ணாடியைத் தொட்டால் துளி போய்ப் படலம் வரும், விளக்கொளியில் படம் முழுக்கப் புகை போலத் தெரியும்.

ஜூம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நீளும் ஜூமை 24லிருந்து 70க்குத் திருப்பும்போது உள்குழல் வெளியே வருகிறது, அதன் மீது மழை விழுகிறது. திரும்பச் சுருக்கும்போது அந்தத் தண்ணீரும் உள்ளே போகப் பார்க்கும். நடுவில் உள்ள பட்டை கொஞ்சத்தை வழித்துத் தள்ளும், எல்லாவற்றையும் அல்ல. தவிர, ஜூம் நீளும்போது வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கிறது. அது ஈரக்காற்று. சுருக்கும் முன் குழலைச் சுற்றி ஒருமுறை துடைப்பதைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். நீளம் மாறாத உள் ஜூம் லென்ஸ் இருந்தால் அடைமழைக்கு அதையே மாட்டுங்கள். மழைக்கு நடுவில் லென்ஸ் மாற்றும் தேவையே வராதபடி வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புவது உத்தமம். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றினால், படத்தைப் பதியும் சென்சார் அப்படியே வெளியில் தெரியும். ஆஃப் செய்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும் மாடல்களில் சென்சார் தப்பிக்கும். ஆனால் ஷட்டர் தகடுகள் மிக மெல்லியவை, துளி விழுந்தது என்று அவற்றைத் துடைக்கப் போய்விடாதீர்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள், பலர் கேமரா பழுதாகிவிட்டது என்று பயப்படுவது இவற்றால்தான். டச் ஸ்கிரீனில் விழும் துளியைக் கேமரா விரல் என்று நினைத்துக்கொள்ளும். ஃபோகஸ் புள்ளி தானாக ஓடும், மெனு தானாகத் திறக்கும். மழைக்கு முன் டச்சை அணைத்துவிடுங்கள். வியூஃபைண்டருக்கு அருகில் உள்ள கண் சென்சாரில் ஒரு துளி உட்கார்ந்தால், கண் வைத்திருப்பதாக எண்ணிப் பின் திரை அணைந்துவிடும். தானாக மாறும் அமைப்பை நிறுத்தி, கையால் மாற்றும்படி வைத்தால் தீர்ந்தது.

ஃப்ளாஷைப் பொறுத்தவரை பேச்சே இல்லை, மழையில் வேண்டாம். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது உடனே இறங்காது.

ட்ரைபாட் வைத்தால் ரெயின் கவரே பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். நடுக்கம்பத்தை உயர்த்தாதீர்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக ஒரு காலை நீட்டி வையுங்கள். சாயப் பார்க்கும் திசையில் முட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். கொக்கியில் பையைத் தொங்கவிடுவதானால், பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அந்தரத்தில் ஆடும் பை ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டும். இடி இருந்தால் இதில் எதுவும் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 விநாடி என்றால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. 30 விநாடிக்குள் இடி கேட்டாலே உள்ளே போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். கார்பன் ஃபைபர் ட்ரைபாட் என்றால் பாதுகாப்பு என்ற நினைப்பு தவறு, கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும்.

மழையே இல்லாமல் நனைவது

ஒரு துளி மழை கூடப் படாமல் லென்ஸின் உள்ளே வரை நனைவது உண்டு. காற்றில் உள்ள ஈரம், போதிய அளவு குளிர்ந்த பரப்பைத் தொட்டால் துளியாக மாறும். எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் அப்படி மாறுமோ அதுதான் பனிநிலை. வெளியே 32 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பனிநிலை 27 பாகை வரும். 24 பாகை ஏசியில் இரவெல்லாம் இருந்த கேமராவை அந்தக் காற்றில் எடுத்தால், பாடி, கண்ணாடி எல்லாம் 27க்குக் கீழே. உடனே புகை மூட்டம். துடைப்பீர்கள், திரும்ப வரும். துடைக்கத் துடைக்க வரும், கண்ணாடி சூடேறும் வரை ஓயாது. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரின் மேலும், லென்ஸின் பின் கண்ணாடியிலும் அதே மூட்டம். வெளியே படிந்தது காய்ந்துவிடும். உள்ளே படிந்தது வெளியேற வழி தேடும்.

பனிக்குளிரில் எடுத்துவிட்டு வீட்டுக்குள் வருபவர்களுக்கும் இதே கணக்குதான். 22 பாகை, 50 சதவீத ஈரம் உள்ள அறையின் பனிநிலை 11 பாகை. உறைநிலைக்கு அருகே இருந்த கேமராவை அங்கே கொண்டுவந்தால் தலையிலிருந்து கால் வரை வியர்க்கும்.

வழி எளிது, பொறுமைதான் வேண்டும். குளிர்ந்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன், அங்கேயே, கேமராவைப் பெரிய ஜிப் பையில் போட்டுக் காற்றைப் பிழிந்து மூடுங்கள். பையில் சிக்கியிருப்பது அந்த வறண்ட காற்றுதான். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமராவில் படியாது. சிறிய பாடிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம், 70-200 போன்ற கனமான லென்ஸுக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். பையைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இல்லாமல் இருந்தால் திறக்கலாம். படங்களை உடனே பார்த்தாக வேண்டும் என்றால் கேமராவைப் பையில் போடும் முன்பே மெமரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டுப் பாதியில் திறப்பவர்கள்தான் அதிகம்.

இன்னும் நல்லது, விடியற்காலைப் படப்பிடிப்புக்கு முந்தைய இரவே கேமராவை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுவது.

குளிர் என்றதும் பேட்டரி. பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 பாகை வரை என்றுதான் இருக்கும். அதற்குக் கீழேயும் ஓடும், ஆனால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். படுத்ததை உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வைத்துச் சூடேற்றினால் கொஞ்சம் உயிர் வரும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். லென்ஸில் விழுந்த பனித்தூளை வாயால் ஊதவும் வேண்டாம். மூச்சின் சூட்டில் உருகி, கண்ணாடி மீதே பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிரஷ் போதும்.

கடலும் மணலும்

மழைநீரை மன்னித்துவிடலாம், கடல் சாரலை முடியாது. அலை தெறிக்காவிட்டாலும் கடற்காற்றில் உப்புத் துகள் மிதக்கிறது. அது கண்ணாடியில் காய்ந்து படிகமாகும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பூச்சில் கீறல் விழும். விட்டுவிட்டாலும் அது சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சமையல் உப்பு ஈரத்தை இழுத்துத் தானாகக் கரையும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர் விடுவது இதனால்தான். கேமராவின் திருகுகளில் ஒட்டிய உப்பும் அப்படியே. ஈரநாளில் கரைந்து அரிக்கும், வறண்ட நாளில் காயும், மறுபடி கரையும்.

ஆகவே கடற்கரையிலிருந்து வந்த அன்றே, காய்ச்சி வடித்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியையும் லென்ஸின் வெளிப்புறத்தையும் துடையுங்கள். துணியின் பக்கத்தை மாற்றி மாற்றித் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. கண்ணாடியில் உப்பு இருந்தால் முதலில் ப்ளோயர் (அழுத்தினால் காற்று ஊதும் ரப்பர் குமிழ்), பிறகு ஈரத்துணியால் ஒற்றுதல், கடைசியில் மட்டும் லென்ஸ் திரவம். ட்ரைபாட் கால்களை முழுதாக நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டுகளைத் திறந்து, தலைகீழாகக் காய வையுங்கள். ட்ரைபாடின் உச்சியில் கேமராவைத் தாங்கும் பால் ஹெட்டை மட்டும் தண்ணீரில் முக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். அதற்கு ஈரத்துணியே சரி. கார்பன் ஃபைபர் காலில் அலுமினியப் பூட்டு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். உப்புநீர் நடுவில் வந்தால் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை வெள்ளையாக அரித்துவிடும்.

மணலுக்கு ஒரே விதி: துடைக்கும் முன் ஊது. கையால் அழுத்தும் ரப்பர் ப்ளோயர்தான் அதற்கு. டின்னில் வரும் அழுத்தக் காற்றைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளே உள்ள திரவம் கண்ணாடியில் பீச்சும். பட்டறை கம்ப்ரெஸர் மணலை சீலிங்கையும் தாண்டி உள்ளே தள்ளும். ஜூம் வளையத்தில் "கரக்" என்று ஒரு சத்தம் வந்தால் அந்த நிமிடமே திருப்புவதை நிறுத்துங்கள். சரியாகிவிடும் என்று முன்னும் பின்னும் திருப்பினால், ஒரு மணல் பொடியாகித் தடம் முழுக்கப் பரவும்.

வீடு திரும்பிய பிறகு

பை நீர்புகாதது என்றால் உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது. நனைந்த துணி, நனைந்த ரெயின் கவர், நனைந்த கேமரா மூன்றையும் ஒன்றாகப் போட்டு மூடிய பை, பூஞ்சைக்கு வளர்ப்புப் பெட்டி. வழியில் அவசரத்துக்கு வைத்தாலும், வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பையின் தடுப்புகளையும் பிரித்து மின்விசிறிக் காற்றில் விடுங்கள். கேமராவை வெளியே முழுதாகத் துடைத்து முடிக்கும் வரை எந்த மூடியையும் திறக்காதீர்கள். மூடியின் இடுக்கில் நிற்கும் தண்ணீர், திறந்ததும் உள்ளேதான் ஓடும்.

தண்ணீர் உள்ளேயே போய்விட்டது என்ற சந்தேகம் வந்தால், அதாவது திரைக்குள் மூட்டம் தெரிந்தாலோ பட்டன் ஏடாகூடமாக வேலை செய்தாலோ, உடனே ஆஃப் செய்து பேட்டரியைக் கழற்றுங்கள். மின்சாரம் இல்லாத போர்டில் கொஞ்சம் மழைநீர் பட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மின்சாரம் ஓடும்போது, நீரில் கரைந்த உப்புகள் வழியே அது குறுக்கே பாய்ந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். "ஒரே ஒரு தடவை ஆன் செய்து பார்ப்போம்" என்ற ஆசைதான் பல கேமராக்களைக் கொன்றிருக்கிறது. கார்டை எடுங்கள், எல்லா மூடிகளையும் திறந்து வையுங்கள். லென்ஸைக் கழற்றி, மவுண்ட் கீழே பார்க்கும்படி வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். சூட்டில் கிரீஸ் இளகும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி மூட்டையும் வேண்டாம். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, மாவுத் தூசியைத்தான் கொடுக்கும்.

சிலிக்கா ஜெல்தான் மருந்து, ஆனால் அளவு வேண்டும். ஈரமான காற்றில் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தைப் பிடிக்கும். செருப்புப் பெட்டியில் வரும் 5 கிராம் பொட்டலம் இரண்டு கிராம் கூடக் குடிக்காது. காற்றுப் புகாத டப்பாவில் கால் கிலோவாவது துணிப்பையில் கட்டிப் போட்டு, கேமராவை 2, 3 நாள் மூடி வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையாகவோ நிறமற்றோ ஆனால் 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடேற்றித் திரும்பப் பயன்படுத்தலாம். நீல மணிகளில் இருப்பது கோபால்ட் குளோரைடு, நஞ்சு. சமையல் அவனில் வைக்காதீர்கள். கடல்நீர் உள்ளே போயிருந்தால் இந்த வைத்தியம் எதுவும் செல்லாது. பேட்டரியைக் கழற்றிய கையோடு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள், காய விட்டால் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

நிரந்தரமாக வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 60ஐத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதற்காக 30க்குக் கீழே இறக்கினால் ரப்பரும் கிரீஸும் வறளும். டப்பாவுக்குள் ஒரு சிறிய ஈரமானி போட்டு வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

நனைந்த லென்ஸை இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். இருட்டறையில், பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். தூசி புள்ளியாகத் தெரியும், அதை விட்டுவிடலாம். சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடினால் அது பூஞ்சை. மற்ற லென்ஸ்கள் இருக்கும் டப்பாவிலிருந்து அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அந்த வாரமே சர்வீஸுக்குக் கொடுங்கள். ஓரத்தில் மட்டும் இருக்கும்போது துடைத்தால் போய்விடும். நாள் கடந்தால் அது சுரக்கும் அமிலம் பூச்சைத் தின்றுவிடும், துடைத்த பிறகும் அந்தக் கிளைகளின் தடம் கண்ணாடியில் அப்படியே நிற்கும்.